அடுத்து என்ன, ஹவில்தார்?

“பெருசு கியூவுக்கே கமாண்டு குடுக்குது பாரு.”

கேட்டுச்சாம்மா? நமக்குப் பின்னாடி, அந்த நீலச் சட்டை. என் காதுல விழாதுன்னு நெனச்சுப் பேசறான். எனக்கு முழங்கால் போச்சு, பல்லு போச்சு, காது மட்டும் அப்படியே இருக்குது. நான் என்னம்மா தப்பாச் சொன்னேன்? கோணல் மாணலா நிக்காதீங்க, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நில்லுங்கன்னு சொன்னேன். இது மிலிட்டரி கேண்டீன். இங்கயாவது வரிசை நேரா இருக்க வேணாமா?

நீ உக்காரு, உக்காரு. இன்னும் ஷட்டரே தொறக்கல. உன் எடம் எங்கயும் போவாது, நான் பாத்துக்கறேன். கார்டு அப்பாவோடதா? என்னவா இருந்தாரு? நாயக்கா? சரி சரி. நல்ல ரேங்குதான். நான் ஹவில்தார். ஹவில்தார் முனிரத்தினம். நாயக்குக்கு மேல. சும்மா, ஒரு தகவலுக்குச் சொன்னேன்.

நீ ரொம்பப் பேச மாட்டே போல. நல்லது. பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாம கேக்கறவங்களைப் பாத்தா எனக்குப் பிடிக்கும். இந்த நீலச் சட்டையைப் பாத்ததும் எனக்கு ஒருத்தன் ஞாபகம் வந்துட்டான். அதே சிரிப்பு. உதடு சிரிக்காது, கன்னம் மட்டும் லேசா ஆடும். குணாளன்னு பேரு. சிப்பாய் குணாளன், போளூர்ப் பக்கம். எனக்கு வர வேண்டிய நட்சத்திரத்தை முழுங்கினவன் அவன்தான்.

நட்சத்திரம்னா தெரியுமில்ல? உங்கப்பா சொல்லியிருப்பாரு. ஹவில்தார் வரைக்கும் கையில பட்டை. அதுக்கு மேல நாயப் சுபேதார், தோள்ல நட்சத்திரம். பட்டை இருக்கறவரைக்கும் “ஏ ஹவில்தார், இங்க வா.” நட்சத்திரம் வந்துட்டா “சாப், கொஞ்சம் வர்றீங்களா?” சல்யூட் அடிப்பான். சாப்பாடு தனி மெஸ்ஸுல. என் சம்சாரம் ஊர்ல புது வீட்டுக் கதவுல என் பேரை எழுதச் சொல்லிட்டு, பேருக்கு முன்னாடி கொஞ்சம் எடம் விட்டு வெக்கச் சொன்னா. ‘நாயப் சுபேதார்’னு எழுதறதுக்கு. பெயிண்டர் சிரிச்சானாம். சிரிக்கட்டும்.

அந்த வருஷம் எங்க யூனிட்டுல ஒரே ஒரு நட்சத்திரம்தான் காலி. நிக்கறது ரெண்டு பேரு. நானு, அப்புறம் நாகப்பா. மைசூர்ப் பக்கத்து ஆளு. தங்கமான மனுசன், ஆனா தொண்டையே கிடையாது. அவன் பரேடு கமாண்டு குடுத்தா முன் வரிசைக்கே கேக்காது. அதனால எனக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அப்பதான் இந்தக் குணாளன் டிரெய்னிங் முடிச்சு என் செக்ஷனுக்கு வந்து சேந்தான்.

மொத நாளு. ரோட்டு ஓரமா கல்லு நட்டிருப்பாங்க, அதுக்கெல்லாம் வெள்ளை அடிக்கணும். காலையில சுண்ணாம்பு வாளியைக் குடுத்தேன். பட்டாளத்துல வேலைன்னா அதுக்கு ஒரு முறை இருக்குதும்மா. காலையில குடுத்த வேலை மத்தியானம் சாப்பாட்டு விசில் வரைக்கும் நடக்கணும். சின்ன வேலைன்னா அதை இழுத்து நீட்டிக்கணும். ஒரு கல்லு அடிக்கணும், தூர நின்னு பாக்கணும், தலையை ஆட்டணும், மறுபடியும் அடிக்கணும். இது சோம்பேறித்தனம் இல்ல. ஒழுக்கம். பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்.

இவன் டீ வர்றதுக்குள்ள முடிச்சிட்டான்.

முடிச்சதும் சும்மா எங்கயாவது மரத்தடியில ஒதுங்கினா பரவாயில்ல. நேரா என் முன்னாடி வந்து, காலைச் சேத்து வெச்சு, அத்தனை பேரு எதிர்லயும் கேட்டான்:

“முடிஞ்சுது ஹவில்தார். அடுத்து என்ன?”

நீயே சொல்லும்மா. இது மரியாதையா?

என்கிட்ட அடுத்துன்னு ஒண்ணும் இல்ல. எப்படி இருக்கும்? மத்தியானம் வரைக்கும் அந்தக் கல்லுதானே! அவன் கன்னம் லேசா ஆடுது. “போய்... போய் அந்த வாளியைக் கழுவு”ன்னேன். கழுவிட்டு வந்தான். “முடிஞ்சுது ஹவில்தார். அடுத்து என்ன?”

ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. தெனம். துப்பாக்கி தொடைக்கச் சொன்னா பளபளன்னு தொடச்சுட்டு வந்து நிப்பான். ஸ்டோர் ரூமை அடுக்கச் சொன்னா எறும்பு போற வழிகூட நேராயிடும், வந்து நிப்பான். நான் டீ கிளாஸை வாயில வெச்சா போதும், எதிர்ல பூட்ஸ் சத்தம். மத்தப் பசங்க என்கிட்ட வந்து, “ஹவில்தார், இவனைக் கொஞ்சம் அடக்குங்க. இவன் இப்படி முடிச்சா, நாங்க இத்தன வருஷமா என்ன செஞ்சோம்னு கேப்பாங்க”ன்னு அழுவாத குறை.

சுபேதார் மேஜர் வர்கீஸ் சாப் காதுக்கும் போயிடுச்சு. ஜவான்களுக்கு எல்லாம் பெரியவரு அவருதான். யாருக்கு நட்சத்திரம்னு சி.ஓ. கிட்ட சொல்றதும் அவருதான். சி.ஓ.ன்னா யூனிட்டுக்கே தலைவர், கர்னல். வர்கீஸ் சாப் என்னைக் கூப்பிட்டு, அவரோட மலையாளத் தமிழ்ல, “எடோ முனிரத்தினம், அந்தப் பையனை ரெய்சிங் டேக்கு முன்னே நேராக்கு. ஒரு ஆளை வெச்சு வேலை வாங்கத் தெரிஞ்சவனுக்குத்தான் நட்சத்திரம். மனசிலாச்சா?”ன்னாரு.

ரெய்சிங் டேன்னா யூனிட் பொறந்த நாளு. பொங்கல் முடிஞ்சு கொஞ்ச நாள்ல வரும். அதுக்குள்ள இவனை வழிக்குக் கொண்டு வரணும். அவ்வளவுதான். கொண்டு வந்தா நட்சத்திரம்.

எனக்கு ஆளைக் கையாளத் தெரியாதா? வேலை வேலைன்னு வர்றவனுக்கு வேலையைக் குடுத்தே அடக்கணும்னு முடிவு பண்ணேன்.

மைதானத்துப் புல்லு முழுக்கக் கையால பிடுங்குன்னேன். கத்தி கிடையாது, மம்முட்டி கிடையாது. செக்ஷன் முழுசும் அவன்கூட. நாலு நாளாவது ஆகும், நிம்மதியா இருக்கலாம்னு கணக்கு. அவன் என்ன பண்ணான் தெரியுமா? பசங்களை ரெண்டு கட்சியாப் பிரிச்சுட்டான். போளூர் கட்சி, கொச்சி கட்சி. தோத்த கட்சி ஜெயிச்ச கட்சிக்குத் துணி தொவைக்கணும்னு பந்தயம். மைதானத்துல ஒரே கூச்சல். பழைய ஆளுங்க, இவனை அடக்கச் சொல்லி என்கிட்ட அழுதானுங்களே, அதே ஆளுங்க குப்புற விழுந்து புல்லைப் பிடுங்கறானுங்க! மறுநாளே மைதானம் மொட்டை. அன்னைக்கு என் எதிர்ல வந்து நின்னது அவன் ஒருத்தன் இல்லம்மா. மொத்தச் செக்ஷனும் வரிசையா நின்னு, ஒரே குரல்ல:

“முடிஞ்சுது ஹவில்தார். அடுத்து என்ன?”

நாகப்பா தூரத்துல நின்னு பாத்துட்டு, “உங்க பசங்க ரொம்ப நல்லாச் செய்யறாங்க முனி அண்ணா”ங்கறான். வயித்தெரிச்சல் புடிச்சவன்.

அடுத்து சமையல் கூடத்துக் கரி. பெரிய குவியல், இந்தப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் மாத்துன்னேன். மாத்தினான். மறுநாள் காலையில, திரும்ப இந்தப் பக்கம் மாத்துன்னேன். பட்டாளத்துல இது பழைய வைத்தியம். எப்பேர்ப்பட்ட திமிரும் ரெண்டாவது நாள்ல எறங்கிடும். இவன் கரி பூசின மூஞ்சியோட கையைக் கட்டிட்டு, ரொம்ப அக்கறையாக் கேக்கறான்:

“ஹவில்தார், ஒரு சந்தேகம். நாளைக்கு இது எங்க போவணும்னு இப்பவே சொல்லிட்டா, நேரா அங்கயே கொண்டு போயிடலாமா?”

சமையல்காரன் உள்ள கரண்டியைக் கீழ போட்டுட்டுச் சிரிக்கறான். அந்தப் பக்கமாப் போன ஒரு கேப்டன்கூட ரோட்டைப் பாத்துக்கிட்டே சிரிச்சுட்டுப் போறாரு. அவருக்கு என்ன தெரியும், பாவம்.

இரும்மா, ஷட்டரை ஆட்டறாங்க. இல்ல, உள்ள பெருக்கறாங்க. இன்னும் நேரமிருக்குது.

கடைசி வைத்தியம், குழி. குழி தோண்டுன்னேன். தோண்டினான். மூடுன்னேன். மூடினான். “முடிஞ்சுது ஹவில்தார். அடுத்து...” சரி, வேற குழி தோண்டுன்னேன். ரெய்சிங் டேக்கு ஒரு வாரம்தான் இருக்குது. நான் முடி வெட்டிக்கணும், யூனிஃபாரம் தெக்கக் குடுக்கணும், நட்சத்திரம் வெக்க தோள்பட்டையைச் சரி பண்ணணும். அதெல்லாம் முன்கூட்டியே பாத்துக்கறது நல்லது. இவன் வந்து, “எங்க தோண்டட்டும்?”ங்கறான்.

“என் கண்ணுல படாத எடமாப் பாத்துத் தோண்டு. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் தோண்டிக்கிட்டே இரு.”

“நிறுத்துன்னு நீங்களே வந்து சொல்வீங்களா ஹவில்தார்?”

“வந்து சொல்றேன், போடா.”

போனான். அன்னைக்குத்தான் எனக்கு மனசு லேசாச்சு. நிம்மதியா டீ குடிச்சேன். டெய்லர்கிட்டப் போனேன். அப்புறம் முடி வெட்டற எடத்துக்குப் போய், கழுத்துல வெள்ளைத் துணியைக் கட்டிக்கிட்டு, கண்ணை மூடி உக்காந்தேன். அங்கயே கொஞ்சம் தூங்கிட்டேன்கூட. பாதித் தலை வெட்டியாச்சு. அப்ப ஒரு சத்தம். “பானி! பானி!”ன்னு எவனோ இந்தியில கத்தறான்.

ஓடினேன். கழுத்துல துணி, பாதித் தலையில முடி, அப்படியே ஓடினேன்.

யோசிச்சுப் பாரும்மா. அந்தக் கண்டோன்மெண்ட்லயே என் கண்ணுல படாத எடம் எது? ஒண்ணே ஒண்ணுதான். சி.ஓ. பங்களாவுக்குப் பின்பக்கம், வேலிக்கு அந்தாண்ட. ஹவில்தார் அங்கெல்லாம் போவ முடியாது. இவன் உக்காந்து யோசிச்சிருக்கான் பாரு!

நான் போனா, ஆளுயரக் குழி. குழியிலருந்து தண்ணி தென்னை மர உயரத்துக்கு அடிக்குது. பங்களாவுக்குப் போற குழாயில கடப்பாரை எறங்கிடுச்சு. சி.ஓ. சாப் இடுப்புல துண்டு, தலை முழுக்க சோப்பு நுரை, ஒரு கண்ணைத் தொறந்து ஒரு கண்ணை மூடி பின்வாசப்படியில நிக்கறாரு. அவரு பின்னாடி அவரு சம்சாரம், மேம்சாப், கையில காலி பக்கெட்டு. குழிக்குள்ள மார்பு வரைக்கும் தண்ணியில குணாளன். கடப்பாரையைக் கையில புடிச்சுக்கிட்டு, என்னைப் பாத்ததும் சந்தோஷமாக் கேக்கறான்:

“ஹவில்தார், நிறுத்தட்டுமா?”

மறுநாள் ஆர்டர்லி ரூம். அது கோர்ட்டு மாதிரிம்மா. சி.ஓ. மேசைக்குப் பின்னாடி. பக்கத்துல வர்கீஸ் சாப். தப்பு பண்ணவன் தொப்பியும் பெல்ட்டும் இல்லாம நடுவுல நிக்கணும். நான் அவன் செக்ஷன் ஹவில்தார், அதனால ஓரமா விறைப்பா நிக்கறேன். மீதித் தலையையும் வெட்டிட்டேன், அது வேற விஷயம்.

சி.ஓ. இந்தியில கேட்டாரு. “அங்க தோண்டச் சொன்னது யாரு?”

எனக்கு அப்ப பயமே இல்லம்மா. நான் என்ன, குழாயை உடைன்னா சொன்னேன்? குழி தோண்டுன்னுதானே சொன்னேன். இவன் உண்மையைச் சொல்வான், நான் வெளக்கம் சொல்வேன், முடிஞ்சுது. அப்படித்தான் நெனச்சேன். கொஞ்சம் வேர்த்துச்சு. அந்த ரூம்ல ஃபேன் இல்ல.

குணாளன் ஒரு தடவை என்னைப் பாத்தான். அன்னைக்கு அவன் கன்னம் ஆடல.

“யாரும் சொல்லல சாப். அங்க ஒரு வேப்பங்கன்னு வெக்கலாம்னு நானே தோண்டினேன்.”

பொய்! சி.ஓ. முகத்தைப் பாத்துப் பொய்! அதுவும் என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே! இவ்வளவு நெஞ்சழுத்தத்தை நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. நான் அப்பவே மறுத்துப் பேசியிருப்பேன். ஆனா ஆர்டர்லி ரூம்ல கேக்காம பேசக் கூடாது. அது ஒழுக்கம். அதனால பேசாம நின்னேன்.

அப்புறம் சி.ஓ. என் பக்கம் திரும்பினாரு. “ஹவில்தார், இவன் தோண்டினது உனக்குத் தெரியுமா?”

கேட்டுட்டாரு. இப்ப பேசலாம். ஆனா, இவன் ஏற்கெனவே ஒண்ணு சொல்லிட்டான். நான் வேற மாதிரி சொன்னா என் சிப்பாய் பொய்யன்னு ஆயிடும். என் செக்ஷன் பேரு என்னாவும்? ஒரு ஹவில்தார் தன் ஆளைக் காட்டிக் குடுக்கலாமா?

“தெரியாது சாப்”ன்னேன்.

சி.ஓ. பேனா மூடியைத் தொறந்து தொறந்து மூடறாரு. “உன் ஆளு ஸ்டோர்லருந்து கடப்பாரை எடுத்திருக்கான். உனக்குத் தெரியாது.”

“தெரியாது சாப்.”

“ரோட்டு வழியா அதைத் தூக்கிட்டுப் போயிருக்கான்.”

“தெரியாது சாப்.”

“என் வீட்டுக்குப் பின்னாடி, காலையிலருந்து, அவன் தலை மறையற அளவுக்குத் தோண்டியிருக்கான்.”

“தெரியாது சாப்.” என் தொண்டை நல்ல தொண்டைம்மா. ஒவ்வொரு தடவையும் கணீர்னு சொன்னேன். வர்கீஸ் சாப் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. பல்லி ஏதாவது இருந்திருக்கும்.

அவனுக்குத் தண்டனை, முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு மைதானத்தைச் சுத்தி ஓட்டம். அவங்கக்கா கொழந்தைக்குக் காது குத்துக்கு லீவு கேட்டிருந்தான், தாய்மாமன் மடியில உக்கார வெச்சுக் குத்தணும்னு. அந்த லீவும் போச்சு. போவட்டும். பொய் சொன்னவனுக்கு அதுதான். வெளிய வந்ததும் நான் சும்மா விடல. “ஏண்டா அப்படிப் பொய் சொன்னே?”ன்னு புடிச்சேன்.

“உங்களுக்கு நட்சத்திரம் வர வேணாமா ஹவில்தார்?”ங்கறான்.

பாத்தியா? ஒரு சிப்பாய்! என் பிரமோஷனைப் பத்தி என்கிட்டயே பேசறான்! நேத்து வந்தவன்! நான் “வாயை மூடு”ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா அவன் உண்மையைச் சொல்லியிருந்தா, “ஹவில்தார் ஆர்டர் குடுத்தாரு, நான் செஞ்சேன்”னு சொல்லியிருந்தா, ஆளை வெச்சு வேலை வாங்கத் தெரிஞ்சவன் நான்னு சி.ஓ.வுக்கு விளங்கியிருக்குமா இல்லையா? அதைத்தான் சொல்றேன். என் நட்சத்திரத்தை முழுங்கினது அவன்தான்.

அப்பவும் நான் நம்பிக்கையை விடல. யாரும் வேணாம்னு சொல்லலையே.

ரெய்சிங் டே அன்னைக்கு மத்தியானம் படா கானா. பெரிய விருந்து. ஜவான் எல்லாரும் தார்ப்பாய்ல வரிசையா உக்காருவாங்க. அன்னைக்கு ஒரு நாள் ஆபீசருங்களும் நட்சத்திரம் இருக்கறவங்களும்தான் பரிமாறுவாங்க. கர்னலே கரண்டியோட வந்து சிப்பாய்க்குக் கறி போடுவாரு. எங்க யூனிட்டுல இன்னொரு வழக்கம். அடுத்த நட்சத்திரம் யாருக்குன்னு முடிவாயிடுச்சோ, அந்த ஹவில்தாருக்கு அன்னைக்குப் பாயசப் பக்கெட்டைக் குடுப்பாங்க. வாயால சொல்ல மாட்டாங்க. பக்கெட்டு யாரு கைக்கு வருதோ அவனுக்கு. பந்தியில இருக்கற அத்தனை பேரும் தட்டைத் தட்டுவாங்க.

நான் சமையல் கூடத்துக்கிட்டப் போய், நட்சத்திரக்காரங்க நிக்கற வரிசையோட கடைசியில, அவங்களை ஒட்டினாப்புல நின்னேன். பாயசம் பட்டுடக் கூடாதுன்னு சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டுக்கிட்டேன். எப்படியும் நான்தான்னு எல்லாருக்கும் தெரியும். வர்கீஸ் சாப் ஒவ்வொரு பக்கெட்டா எடுத்துக் குடுத்துக்கிட்டே வர்றாரு. சோறு. கறி. சாம்பார். அப்பளத்தட்டு. கடைசியா பாயசம். அதை எடுத்தாரு. என்னைப் பாத்தாரு. ஒரு நிமிஷம் பாத்தாரு.

அப்புறம் பந்திப் பக்கம் திரும்பி, “நாகப்பா”ன்னாரு.

நாகப்பா சோத்துல கை வெக்கப் போனவன், என்னையான்னு முழிச்சுக்கிட்டு எழுந்து வந்தான். தட்டு எல்லாம் தடதடன்னு சத்தம். சி.ஓ. சாப் சிரிச்சுக்கிட்டே பரிமாற ஆரம்பிச்சுட்டாரு.

நான் நிக்கறேன். கையில ஒண்ணும் இல்ல. பரிமாறவும் முடியாது. போய் உக்காரலாம்னா, என் வரிசையில என் எடத்தை மூடிட்டு நெருக்கி உக்காந்துட்டானுங்க. நான்தான் பக்கெட்டோட வரப் போறேனேன்னு! மொத்த யூனிட்டும் உக்காந்திருக்குது, அந்த மைதானத்துல வேலையில்லாம நிக்கற ஆளு நான் ஒருத்தன்தான். எவனும் தலையைத் தூக்கல. எல்லாரும் அவனவன் தட்டையே பாக்கறானுங்க.

குணாளன் முன் வரிசையில இருந்தான். ஓடி ஓடிக் கறுத்துப் போயிருந்தான். என்னைப் பாத்தான். அப்புறம் முழங்கையால பக்கத்துல இருந்தவனை ஒரு இடி இடிச்சு, தானும் நகர்ந்து, நடுவுல ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு எடம் பண்ணான். எட்டி, தட்டு அடுக்குலருந்து ஒண்ணை எடுத்தான். சட்டைப் பையிலருந்து கைக்குட்டையை எடுத்து அதைத் தொடச்சு, அந்த எடத்துக்கு எதிர்ல வெச்சான்.

நான் சட்டைக் கையை எறக்கி பட்டனைப் போட்டுக்கிட்டு, அவன் பக்கத்துல போய் உக்காந்தேன்.